ஏடும் ஆளும்

(இராயபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சொற்பொழிவுக்குக் கட்டளை வைப்பது இந்த வடசென்னைக் கரைக்குப் புதிதல்ல. திருவொற்றியூர்க் கோயிலில் வியாகரண தான மண்டபம் என்று ஒன்று இருந்தது. பாணினியின் இலக்கணத்தை அங்கே உட்கார்ந்து விளக்கிச் சொல்வதற்கென்று சோழர் காலத்தில் நிலம் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தக் கல்வெட்டில் எனக்குப் பிடித்த செய்தி, நிலத்தின் வருவாய் யாருக்குப் போனது என்பதுதான். சொல்லிக்கொடுக்கும் ஆசிரியருக்கும் கேட்கும் மாணவருக்கும் சோறு போட அது செலவானது. நூலைக் காப்பது என்றால் அதைச் சொல்லத் தெரிந்த ஆளைக் காப்பது என்று அந்தக் கட்டளையை வைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

பௌத்த அறிவை இன்று யார் காக்கிறார்கள் என்பது இன்றைய தலைப்பு. ஏடு எத்தனை பத்திரமாக இருந்தாலும் அதைக் கையில் வாங்க அடுத்த ஆள் இல்லாவிட்டால் அறிவு அறுந்துபோகும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. வடசென்னையின் பௌத்தர்கள் இதைப் பட்டு அறிந்தவர்கள். ஆகவே பேச்சை அவர்களை வைத்தே நடத்துகிறேன்.

1. ஒரே ஒருவர் வாயில் இருந்த நூல்

பௌத்த உலகில் நூல்கள் முதலில் வாய்மொழியாகத்தான் கைமாறின. இன்ன பகுதி இன்ன பிக்குக் குழுவுக்கு என்று பிரித்துக்கொண்டு மனப்பாடம் செய்தார்கள். பாலி உரைநூல்களில் ஒரு சம்பவம் வருகிறது. இலங்கையில் கடும் பஞ்சம். பிக்குகள் பலர் செத்தார்கள், பலர் சிதறினார்கள். பஞ்சம் தெளிந்தபோது பார்த்தால், மகாநித்தேசம் என்ற நூல் முழுதும் தெரிந்தவர் ஒரே ஒரு பிக்குதான் மிஞ்சியிருந்தார். அவரோ ஒழுக்கம் தவறியவர் என்று பெயரெடுத்தவர். அவரிடம் போய்ப் பாடம் கேட்பதா என்று மற்றவர்களுக்குத் தயக்கம். கடைசியில் போனார்கள். கேட்டார்கள். நூல் தப்பியது.

பஞ்சமும் போரும் இப்படி நெருக்கியதால்தான் கி.மு. முதல் நூற்றாண்டில் மாத்தளைக்கு அருகே அலுவிகாரையில் பௌத்தத் திருமறையான திரிபிடகத்தை ஏட்டில் எழுதினார்கள் என்பது இலங்கை மரபு. பின்னால் பர்மாவில் மிண்டோன் மன்னர் 729 பளிங்குப் பலகைகளில் அதைச் செதுக்கி மண்டலையில் நிறுத்தினார். 1871-இல், நூலைக் கூடி ஓதிச் சரிபார்க்கும் ஐந்தாம் சங்காயனமும் கூட்டினார். கல்லில் வெட்டிய பிறகும் பர்மியர்கள் மனப்பாடத்தை விடவில்லை. 1954-இல் ரங்கூனில் ஆறாம் சங்காயனம் தொடங்கியபோதும், நூலை நெஞ்சில் வைத்திருந்த மிங்குன் சயாடோ போன்ற துறவிகள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். கல்லும் வேண்டும், ஆளும் வேண்டும் என்று இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள்.

தமிழ்நாட்டில் அப்படி நடக்கவில்லை. ஒரு காலத்தில் காவிரிப்பூம்பட்டினத்திலும் நாகப்பட்டினத்திலும் காஞ்சியிலும் இருந்து பாலியில் உரை எழுதினார்கள். உரையாசிரியர் புத்தகோசர் மயூரபட்டினத்தில் தங்கியதைத் தம் உரையின் முடிவிலேயே குறித்திருக்கிறார். வீரராசேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரர் என்ற பௌத்தர் வீரசோழியம் என்ற இலக்கண நூலைச் செய்தார். பிறகு ஆள் அறுந்தது. குண்டலகேசியில் சில பாட்டுகளே மிஞ்சின. மணிமேகலை முழுதாக மிஞ்சியது. ஆனால் 1890-களில் உ.வே.சாமிநாதையர் அதைப் பதிப்பிக்க உட்கார்ந்தபோது, பொருள் சொல்லத் தமிழ்நாட்டில் ஒரு பௌத்த ஆசான் இல்லை. சிந்தாமணிக்குக் கும்பகோணத்துச் சமணர்கள் இருந்தார்கள். மணிமேகலைக்கு யார்? கும்பகோணம் கல்லூரிப் பேராசிரியர் மளூர் ரங்காசாரியார், மேல்நாட்டு அறிஞர்கள் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த நூல்களைப் படித்துப் படித்துச் சொல்ல, ஐயர் குறித்துக்கொண்டார். தமிழ்ப் பௌத்தக் காப்பியத்துக்கு இலண்டன் சுற்றி வந்துதான் பொருள் கிடைத்தது. பதிப்பு 1898-இல் வெளிவந்தது.

இந்தத் துறைமுகத்துக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. ஆந்திரத்து அமராவதிப் பௌத்தத் தூபியின் சிற்பப் பலகைகளைக் கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் 1845-இல் தோண்டி எடுத்தார். அவை சென்னைக்கு வந்து பல ஆண்டுகள் கிடந்து, 1859-இல் கப்பலேறி இலண்டன் போய்ச் சேர்ந்தன. எஞ்சியவற்றில் ஒரு பெரும்பகுதி எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கேயே நாகப்பட்டினத்துப் புத்தர் செப்புத் திருமேனிகளும் இருக்கின்றன. பொருளுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் அந்தத் திருமேனிக்கு முன்னால் என்ன ஓதினார்கள், எந்த நாளில் எப்படி விளக்கு வைத்தார்கள் என்று சொல்ல நாகப்பட்டினத்தில் ஒருவரும் இல்லை.

2. 1898

மணிமேகலை அச்சேறிய அதே 1898-இல்தான் இன்னொன்று நடந்தது. அயோத்திதாசப் பண்டிதர், பிரம்மஞான சபைத் தலைவர் ஒல்காட்டுடன் கொழும்பு சென்று, வித்யோதயப் பிரிவேனா என்ற பிக்குக் கல்லூரியின் தலைவர் சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். பஞ்சமர் பள்ளித் தலைமையாசிரியர் பி. கிருஷ்ணசாமியும் உடன் போனார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார்கள். அறுந்த கயிற்றின் ஒரு முனையைத் தேடிக் கடல் தாண்டிப் போன பயணம் அது.

அயோத்திதாசர் 1845-இல் ஆயிரம்விளக்கில் பிறந்தவர். காத்தவராயன் என்பது இயற்பெயர். ஆசிரியர் மேலிருந்த பற்றால் அவர் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டார். ஏடு காத்த குடும்பம் அது. பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். அவர் தம் வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியைக் கம்பெனி அதிகாரி எல்லிஸ் துரையிடம் கொடுத்தார் என்று அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். பண்டிதமணிகளின் வீட்டில்தான் சுவடி இருந்தது என்று நாம் படித்த கதைக்குப் பக்கத்தில், சமையற்கட்டு வேலைக்குப் போனவர் வீட்டிலும் சுவடி இருந்தது என்ற இந்தக் கதையையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

1907 ஜூன் 19, புதன்கிழமை. ‘ஒரு பைசாத் தமிழன்’ முதல் இதழ் வந்தது. விலையே பெயரில் இருந்தது. அடுத்த ஆண்டு ‘தமிழன்’ ஆயிற்று. 1914-இல் தாம் மறையும் வரை அவர் அதை வாரம் தவறாமல் நடத்தப் பாடுபட்டார். புத்தர் வரலாறு, பண்டிகை விளக்கம், வைத்தியக் குறிப்பு, வாசகர் கேள்விக்குப் பதில், அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எல்லாம் ஒரே தாளில் இருக்கும்.

அதே 1907-இல் பி. லட்சுமி நரசு ஆங்கிலத்தில் ‘பௌத்த சாரம்’ என்ற நூலை வெளியிட்டார். அவர் இயற்பியல் பேராசிரியர். கிறித்தவக் கல்லூரியிலும் பச்சையப்பன் கல்லூரியிலும் பாடம் நடத்தியவர். அயோத்திதாசருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒருவர் தமிழ் மரபுக்குள் பௌத்தத்தைத் தேடினார். மற்றவர் பகுத்தறிவுக்கு ஒத்த பௌத்தம்தான் பௌத்தம் என்றார். சடங்கு வேண்டுமா, வேண்டாமா என்ற சண்டை அன்று சென்னைப் பௌத்தர் நடுவில் பலமாகவே இருந்தது. நரசுவின் நூலை 1948-இல் அம்பேத்கர் தம் முன்னுரையோடு மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். சென்னைக் கல்லூரி வாத்தியார் ஒருவரின் புத்தகம் நாற்பதாண்டு கழித்து அம்பேத்கர் கைக்குப் போய் மறுபடி பிறந்தது. நூல் கைமாறுவது என்பது இதுதான்.

3. சங்கு ஊதினால் சங்கம்

அன்று சென்னையில் பிக்குகள் நிலைத்துத் தங்கும் விகாரை இல்லை. பிக்குகள் வந்தார்கள், சில காலம் இருந்தார்கள், போனார்கள். அந்த இடத்தை நிரப்பியவர்கள் இல்லறத்தார். அதிலும் பெரும்பாலும் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள்.

சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் எங்கே முளைத்தன என்று பாருங்கள்: கோலார் தங்கவயலில் மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், பெங்களூர், ஹூப்ளி, செகந்திராபாத், திருப்பத்தூர், கடல் கடந்து ரங்கூன், நேட்டால். சுரங்கமும் இரயிலும் பட்டாளமும் தோட்டமும் இருந்த ஊர்கள். பெரம்பூரும் அந்தக் கணக்கில்தான் வரும். இரயில்வே ஒர்க்‌ஷாப்பும் பின்னி மில்லும் இருந்த வட்டாரத்தில், இன்றும் இருக்கும் பெரம்பூர் புத்தர் கோயில் வளர்ந்தது. ஷிப்டு முடிந்து சங்கு ஊதிய பிறகுதான் அங்கே சங்கம் கூடியிருக்க முடியும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், வைசாக பௌர்ணமி, படிக்கத் தெரிந்தவர் பத்திரிகையை உரக்கப் படிக்க மற்றவர் சுற்றி உட்கார்ந்து கேட்பது: பிக்குகள் ஓதிக் காத்ததை இவர்கள் இப்படிக் காத்தார்கள்.

மீனவர் குடும்பத்தில் 1860-இல் பிறந்த ம. சிங்காரவேலர் இதில் முக்கியமானவர். 1923 மே 1 அன்று இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தியவர் என்று அவரை நமக்குத் தெரியும். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையில் ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்னொன்று. செங்கொடி ஏந்துவதற்குக் கால் நூற்றாண்டு முன்னாலேயே அவர் மகாபோதி சங்கத்தின் சென்னைக் கிளையை நடத்திய பௌத்தர். இராஜாஜி சாலையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. மனுக் கொடுக்க அங்கே போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பக்கம் தெரியும்?

ரங்கூன் கிளை என்றேனே, அதற்கும் இந்தத் துறைமுகம்தான் வாசல். பத்திரிகைக் கட்டு இங்கிருந்து கப்பலேறியது. ஆட்களும் போனார்கள், வந்தார்கள். 1964-இல் பர்மாவில் கடைகளை நாட்டுடைமை ஆக்கியதும், அங்கே பிறந்து வளர்ந்த தமிழர்கள் கப்பல் கப்பலாக இதே துறையில் இறங்கினார்கள். வியாசர்பாடியிலும் எர்ணாவூரிலும் அவர்களுக்குக் குடியிருப்புகள் அமைந்தன. பர்மா பஜாரையும் அத்தோ என்ற பர்மிய உணவையும் நாம் கண்டுகொண்டோம். காலையில் தெருவில் பாத்திரம் ஏந்தி வரும் பிக்குக்குச் சோறிட்ட ஊரில் வாழ்ந்த அந்தப் பெரியவர்களிடம், அந்த வழக்கங்களைப் பற்றி உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள மட்டும் நமக்கு நேரம் வரவில்லை. அவர்களில் பலர் இன்று எண்பதைத் தாண்டியவர்கள்.

4. எண்ணெயும் பண்டிகையும்

மரபறிவு என்றால் தத்துவம் மட்டும் இல்லை. அயோத்திதாசர் பரம்பரைச் சித்த வைத்தியர். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் பண்டிகைகளுக்குச் சொன்ன விளக்கங்களில் வைத்தியரின் கை தெரிகிறது. தீபாவளியை எள்ளின் நெய் கண்ட நாளாகவும், கார்த்திகை விளக்கை ஆமணக்கெண்ணெய் கண்ட நாளாகவும் சொன்னார். இரண்டும் பௌத்த மடங்களில் கண்டு, சோதித்து, ஊருக்குக் கொடுத்தவை என்பது அவர் வாதம்.

இதை வரலாறாக அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, சான்றுகள் போதவில்லை. நான் இதை வேறு விதமாகப் படிக்கிறேன். ஒரு வீட்டில் எந்த மாதம் எந்த எண்ணெய், எந்த நோவுக்கு எந்தப் பத்தியம் என்பதெல்லாம் பெண்கள் கையில் பண்டிகை நாளோடு சேர்ந்தே நினைவில் இருக்கிறது. அந்த நாட்காட்டியைப் பௌத்தப் பள்ளிக்கூடம் ஆக்கப் பார்த்தார் அயோத்திதாசர். மடம் இல்லாதவர் அடுப்படியைப் பிடித்தார். அது சாமர்த்தியம். ஆனால் ஆபத்தும் அதில்தான் இருந்தது: வீடு மாறினால், மருமகள் வேறு ஊர்க்காரியானால், பாடமும் மாறிவிடும்.

5. தாள் சாகும் விதம்

‘தமிழன்’ அயோத்திதாசரோடு அடங்கிவிடவில்லை. 1926-இல் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் அதை மீண்டும் எடுத்து நடத்தினார். அதன் பிறகு நீண்ட மௌனம். திராவிட இயக்க வரலாறுகளிலும் தேசிய இயக்க வரலாறுகளிலும் அயோத்திதாசர் பெயர் அரிதாகவே வந்தது. அந்தக் காலத்தில் இதழ்கள் எங்கே இருந்தன? வீடுகளில். பரண் மேல், டிரங்குப் பெட்டியில். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் அவற்றைத் தேடிச் சேர்த்து, விடாமல் வைத்திருந்தார்கள். ஞான. அலாய்சியஸ் அந்தத் தாள்களிலிருந்து ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ தொகுதிகளை உருவாக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999-இல் வெளியிட்டது. அதற்குப் பிறகுதான் ஸ்டாலின் ராஜாங்கம், டி. தர்மராஜ் போன்ற ஆய்வாளர்கள் விரிவாக எழுத ஒரு தரை கிடைத்தது.

பத்திரிகைத் தாள் எப்படிச் சாகிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். மரக்கூழில் செய்த மலிவுத் தாளுக்குள்ளேயே அமிலம் ஊறும். முதலில் ஓரம் பழுக்கும். பிறகு மடித்த இடம். எட்டாக மடித்து வைத்த தாளை நாற்பதாண்டு கழித்துப் பிரித்தால், மடிப்பில் இருந்த வரி பொடியாகக் கையில் வந்துவிடும். பெரும்பாலும் பத்தியின் நடுவரி. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தன்னைச் சுற்றி வட்டமாகத் தாளைத் தின்னும். இராயபுரம், எண்ணூர்க் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு என்பதால் இங்கே துரு இன்னும் வேகம். கிழிந்ததை ஒட்டுகிறேன் என்று செல்லோ டேப் போடுவார்கள். அதன் பசை பழுப்பாகி எழுத்துக்குள் இறங்கும். பாசம் மிகுந்தவர்கள் லேமினேஷன் செய்துவிடுவார்கள். அதன் பிறகு அந்தத் தாளைச் சேதமில்லாமல் வெளியே எடுப்பது மிகக் கடினம். பின்னை மெல்ல எடுத்துவிட்டு, மடிப்பை நீக்கித் தட்டையாக வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுப்பதுதான் முதலுதவி. பெரிய செலவு இல்லை. செய்யத் தெரிந்த ஆள் வேண்டும்.

ஆள் என்ற இடத்துக்கே மறுபடி வந்துவிட்டேன். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பெயர்ப்பலகை எழுதிய கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா செட்டியார் தம் காசில் சேர்த்த நூல்கள் அதன் விதை. அவர் 1992-இல் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கிக் காக்க முன்வந்ததால் 1994-இல் அது சென்னையில் நூலகமாயிற்று. தனி மனிதரின் ஆசை அவருக்குப் பின்னும் நின்றதற்கு அது சான்று. சேகரித்தவர் போன பிறகு பழைய பேப்பர் கடைக்குப் போன பெட்டிகளுக்கு வடசென்னையில் கணக்கே இல்லை.

6. காவி உடையைப் பார்க்கும் கண்

துறவிகளைப் பற்றிப் பேசாமல் இந்தத் தலைப்பை முடித்தால் அது நழுவல். எழும்பூர் கென்னட் லேனில் மகாபோதி சங்கம் இருக்கிறது. புத்தகயை போகும் இலங்கை யாத்திரிகர்கள் தங்கும் இடம். இந்த நகரத்தில் பிக்குவை நேரில் பார்க்க நமக்கு நெடுங்காலமாக இருக்கும் இடம். 2011 ஜனவரியில், தமிழக மீனவர்கள் கொல்லப்பட்ட ஆத்திரத்தில் அது தாக்கப்பட்டது. 2013 மார்ச்சில் தஞ்சாவூரிலும் சென்னையிலும் இலங்கையிலிருந்து வந்த பிக்குகளை அடித்தார்கள். முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு தமிழர் பலருக்குக் காவி உடையும் மழித்த தலையும் சிங்கள அரசின் முகமாகத் தெரிந்தன. அந்த வலி பொய்யில்லை. இலங்கையில் பிக்குகளில் ஒரு சாரார் போரை ஆதரித்ததும் உண்மை. ஆனால் அடிபட்டவர்கள் யாத்திரை வந்தவர்கள், படிக்க வந்தவர்கள். வந்தவரை அடித்தது அறமாகாது.

இதில் நசுங்கியவர்கள் தமிழ்ப் பௌத்தர்கள். அவர்களுக்குப் பாலியும் துறவு மரபும் 1898-இலிருந்து கொழும்பு வழியாகத்தான் வந்தன. அந்த வழி அரசியலால் அடைபட்டபோது மாற்று வழி கையில் இல்லை. பக்கத்தில் பெங்களூரில் ஆச்சாரிய புத்தரக்கித தேரர் 1956-இல் மகாபோதி சங்கத்தைத் தொடங்கி, சிறுவர்களைச் சேர்த்துப் பாலி சொல்லிக்கொடுத்து, பிக்குகளாக வளர்த்து, நூல்களை அச்சிட்டார். 2013-இல் அவர் மறைந்தபோது வேலை நிற்கவில்லை. அவர் வளர்த்தவர்கள் இருந்தார்கள். துறவி மடத்தின் பலம் இதுதான்: இறப்பதற்கு முன்பே அடுத்தவரைத் தயார் செய்வது அதன் அன்றாட வேலை. இல்லறத்தாரான நமக்குப் பத்திரிகையும் நூலும் நடத்தத் தெரிந்தது, கோயில் கட்டத் தெரிந்தது. அடுத்த ஆளை அமர்த்துவதை மட்டும் மகனுக்கோ விதிக்கோ விட்டுவிட்டோம்.

அரசின் பக்கமும் அதற்கு வெளியேயும் நல்ல செய்திகள் உண்டு. 2024 அக்டோபரில் பாலி செம்மொழி ஆயிற்று. சேலத்தில் தலைவெட்டி முனியப்பனாக வணங்கப்பட்ட சிலை புத்தர்தான் என்று தொல்லியல் துறை அறிக்கையை ஏற்றுச் சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. சோழநாட்டு வயல்களிலும் மரத்தடிகளிலும் கிடக்கும் புத்தர் சிலைகளைப் பா. ஜம்புலிங்கம் பல்லாண்டு சைக்கிளும் பஸ்ஸுமாக அலைந்து பதிவு செய்திருக்கிறார். அயோத்திதாசருக்கு வடசென்னையில் மணிமண்டபம் என்று 2021-இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். 2023 டிசம்பரில் அது கிண்டியில் திறக்கப்பட்டது. மண்டபம் கிண்டியில் இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. வடசென்னைக்கு வர வேண்டியது கட்டடத்தைவிட வேறு ஒன்று.

7. இந்தக் கட்டளை செய்யக்கூடியது

மூன்று வேலைகளை அவை முன் வைக்கிறேன். ஒன்று, பெரம்பூர், வியாசர்பாடி, புளியந்தோப்பு, இராயபுரம், திருவொற்றியூர் வீடுகளில் இருக்கும் பழைய இதழ், துண்டறிக்கை, திருமண அழைப்பிதழ், சங்கக் கணக்கு நோட்டு எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல். பொருளை வீட்டாரிடமிருந்து பிடுங்க வேண்டாம். அவர்கள் கண் முன்னாலேயே படமெடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்போம். கல்யாணப் பத்திரிகை எதற்கு என்று கேட்கலாம். ஐயர் இல்லாமல், பஞ்சசீலம் சொல்லி எந்த ஆண்டில் எந்தத் தெருவில் திருமணம் நடந்தது என்று வேறு எந்த ஆவணமும் சொல்லாது.

இரண்டு, பர்மாவிலிருந்து வந்த பெரியவர்களிடமும், சித்த வைத்தியக் குடும்பத்துப் பாட்டிகளிடமும் கேட்டுப் பதிவு செய்வது. இதற்குக் கல்லூரி மாணவர் போதும். கேள்வி கேட்கப் பழக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் முக்கியம். இந்தச் சொற்பொழிவுக்கு ஆண்டுதோறும் ஆகும் செலவை ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டு நிறுத்தி வையுங்கள். அந்தப் பணத்தில் இந்தப் பகுதிப் பிள்ளைகள் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, ஒருவரைப் பாலி படிக்கவும் மற்றவரைத் தாள் காக்கும் தொழில் கற்கவும் அனுப்புங்கள். படிக்கும் காலத்தில் அவர்கள் குடும்பத்துக்கு மாதம் ஒரு தொகை கொடுங்கள். தலைக்கூலிக்கும் காண்ட்ராக்ட் வேலைக்கும் போக வேண்டிய வயதில், வீட்டுக்குக் காசு தராமல் யாரையும் மூன்றாண்டு படிக்கச் சொல்ல முடியாது. திருவொற்றியூர் மண்டபத்துக்கு நிலம் எழுதிவைத்தவர் மாணவருக்கும் சேர்த்துத்தான் எழுதினார். படித்து முடித்தவர் தமக்குப் பின் இருவரைப் பழக்க வேண்டும் என்பதை நிபந்தனையாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

என் போன்றவர் வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவதைவிட அது இந்தக் கட்டளைக்குப் பொருத்தமான செலவு. அடுத்த ஆண்டுக்குச் சொற்பொழிவாளரைத் தேட வேண்டாம். விண்ணப்பப் படிவம் அச்சடியுங்கள்.